சாட்சிக் கூண்டில் துரியோதனன்

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞர் என்றால் யார் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நடிகர், பாடகர், வாத்தியக்காரர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, பந்துகளை வீசிப் பிடிப்பவர், செப்படி வித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாற்றுபவர். கடைசியாக, நிகழ்ச்சி நடத்தும் வேறு எவரும். இதை என் அலுவலகத்தில் ஒரு தெருக்கூத்து வாத்தியாருக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "பாம்பாட்டிக்குப் பேரு போட்டுக்கீறாங்க, எங்களுக்குப் போடலையா?" என்றார். 'வேறு எவரும்' என்பதில் நீங்களும் உண்டு என்றேன். "எப்பவும் அந்தக் கடைசி வரியிலதான் சார் எங்களுக்கு எடம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் பெயரையும் ஊரையும் எழுதப் போவதில்லை. செய்யாறுக்கும் வந்தவாசிக்கும் நடுவில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்துக் கூத்து என்றால் வெளியூர்க்காரர்கள் புரிசையைத்தான் சொல்வார்கள். புரிசை கண்ணப்ப தம்பிரானாலும், ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையாலும் நகரத்துக்குத் தெரிந்த பெயர் அது. என் கட்சிக்காரரின் ஜமா, அதாவது கூத்துக்குழு, அந்த வெளிச்சம் எட்டாத ஜமாக்களில் ஒன்று. பங்குனி பிறந்தால் ஆடி வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம், பிறகு தீமிதி. வாத்தியார் கட்டுவது துரியோதனன் வேஷம். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்பதக்கமும் கட்டிக்கொண்டு, அறுபது வயதைத் தாண்டியும் இரவு முழுக்கச் சுழன்று ஆடுகிறவர். ஒப்பந்தம் என்று எழுத்தில் ஒன்றும் கிடையாது. ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுப்பார்கள். ஊர், தேதி, தொகை மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். அவ்வளவுதான்.

2018 கோடையில் ஒரு ஊரில் பதினெட்டாம் போர்க் கூத்து. திருவிழாவைப் படமெடுக்கக் கோயில் கமிட்டியார் பக்கத்து டவுனிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் தீமிதியோடு நிற்கவில்லை. கூத்தையும் இரண்டு கேமரா வைத்து விடியும்வரை எடுத்தார். எடுத்ததை இரண்டரை மணி நேரமாக வெட்டித் தன் யூடியூப் சேனலில் ஏற்றினார். பென் டிரைவில் போட்டுத் திருவிழாக் கடைகளில் விற்றார். இத்தோடு விட்டிருந்தால் வழக்கு வந்திருக்குமோ என்னவோ. துரியோதனன் தொடையைத் தட்டிச் சபதம் செய்கிற இடத்தை ஒரு நிமிடத் துண்டாக நறுக்கி, அதன் மேல் ஒரு சினிமா நகைச்சுவை நடிகரின் குரலை ஒட்டித் தனியாக விட்டார். முழுக் கூத்தைப் பார்த்தவர்களைவிட அந்தத் துண்டைப் பார்த்தவர்கள் பல மடங்கு.

மறு வருஷம் ஒரு ஊரில் வாத்தியார் திரையை விலக்கி வெளியே வந்ததும், முன்வரிசைப் பையன்கள் அந்தச் சினிமா வசனத்தைக் கோரஸாகச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். இன்னொரு ஊர்க்காரர்கள், "வீடியோவுல இருக்கிற மாதிரி ரெண்டரை மணி நேரத்துல முடிச்சுக் குடுங்க, பாதிப் பணம் வாங்கிக்குங்க" என்றார்களாம். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்.

வரும்போதே கேட்க வேண்டியதைத் தீர்மானித்துவிட்டு வந்திருந்தார். "ஒரு ஆர்டர் வாங்கிக் குடுங்க சார். எல்லாத்தையும் அழிக்கணும். இனிமே கூத்து நடக்கிற எடத்துல எவனும் கேமராவோ போனோ தூக்கக் கூடாது." அவருடைய ஜமாவில் ஏற்கெனவே அப்படி ஒரு விதி உண்டு. கூத்து தொடங்குமுன் கட்டியங்காரன் வந்து, போனை மடியில் கட்டுங்கள் என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போவான். யாரும் கேட்பதில்லை. வாத்தியாரிடம் இருந்தது பட்டன் போன், அதுவும் பெரும்பாலும் அவர் மனைவியிடம்தான் இருக்கும்.

கலைஞர்கள் புதுக் கருவியைக் கண்டு பயப்படுவது எனக்குப் புதிய செய்தியாக இருக்கவில்லை. கிராமபோன் தட்டில் பாடினால் குரல் போய்விடும் என்று அந்தக் காலத்து வித்வான்கள் சிலர் அஞ்சிய கதையைக் கேட்டிருக்கிறேன். இவருக்கும் அந்த வகைப் பயம்தான் என்று நினைத்து, "உங்கள் ஆர்மோனியமே சீமையிலிருந்து வந்த பெட்டிதானே? அகில இந்திய வானொலி 1940-லிருந்து 1971 வரை அதை உள்ளேயே விடவில்லை, தெரியுமா?" என்று கேட்டேன். "ரேடியோக்காரன் உடலன்னா எங்களுக்கு இன்னா? நாங்க உட்டோமே" என்றார். சரி, பெட்ரோமாக்ஸ் வந்தபோது உங்கள் அப்பா என்ன சொன்னார் என்று விடாமல் கேட்டேன்.

"எங்கப்பா தீவட்டியில ஆடுனவரு. பெட்ரோமாக்ஸ் வந்தப்ப கண்ணு கூசுதுன்னு ரெண்டு நாளு திட்டுனாரு, அப்புறம் அது இல்லாம ஆட மாட்டேன்னுட்டாரு. மைக்கும் அப்படித்தான். ஆனா சார், பெட்ரோமாக்ஸ் எங்ககூட வண்டியேறி வந்துச்சு, விடிஞ்சா எங்ககூடவே வண்டியேறிப் போச்சு. இது அப்படி இல்லியே. நாங்க அரிதாரம் கழுவிட்டு ஊருக்கு வந்து படுத்துட்டோம், அங்க இன்னும் ஆடிக்கினு இருக்கோம். கூலி இல்லாம."

வழக்கின் சாரம் முழுவதையும் அவர் இரண்டு மூச்சில் சொல்லிவிட்டார். பிராதில் நான் பல பக்கங்களில் எழுதியது இதைத்தான். அவருக்குக் கருவியைக் கண்டு பயமில்லை. தன் கையில் இல்லாத கருவியைக் கண்டு பயம்.

சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேரவே நீண்ட காலம் பிடித்தது. 1978-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் நடிகர் தேவ் ஆனந்த் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், படத்தில் நடிகர் நடித்த நடிப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. தேவ் ஆனந்துக்கே இல்லாதபோது கூத்தாடிக்கு எங்கிருந்து வரும்? 1994 திருத்தத்தில்தான் நிகழ்த்துகலைஞர் உரிமை என்ற ஒன்று சட்டத்தில் நுழைந்தது. 2012 திருத்தம் 38ஏ, 38பி என்று இரண்டு பிரிவுகளைச் சேர்த்து அதற்கு எலும்பு கொடுத்தது. முதல் பிரிவின்படி, ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்வதும், பதிவைப் படியெடுப்பதும், விற்பதும், மக்களுக்குப் போய்ச்சேர வைப்பதும் அதை நிகழ்த்தியவரின் தனி உரிமை. இரண்டாவது, பணம் வாங்கிக்கொண்டு உரிமையைக் கொடுத்துவிட்ட பிறகும் கலைஞரிடமே இருப்பது: இது என் நிகழ்ச்சி என்று பெயர் போடச் சொல்லலாம், என் பெயர் கெடும்படி அதைச் சிதைக்காதே என்று தடுக்கலாம். நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகள் இந்த உரிமை நிற்கும்.

எதிர்த்தரப்பின் முதல் பதில் எதிர்பார்த்ததுதான். பாரதம் வியாசருடையது, பாட்டு யாரோ எந்தக் காலத்திலோ கட்டியது, ஊர்ச் சொத்தான கூத்தில் இவருக்கு என்ன உரிமை? பாட்டில் உரிமை இல்லை என்பதை நான் பிராதிலேயே ஒப்புக்கொண்டிருந்தேன். பதினெட்டாம் போரை எந்த ஜமாவும் ஆடலாம். அந்த ராத்திரி, அந்த ஊரில், இந்த ஆட்கள் ஆடியது இவர்களுடையது. இரண்டாவது பதில், கோயில் கமிட்டி அனுமதி கொடுத்தது என்பது. தன்னிடம் இல்லாததைக் கமிட்டி எப்படிக் கொடுக்கும்? படமாக்கிப் பயன்படுத்தக் கலைஞர் சம்மதித்தார் என்று காட்ட எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். இங்கே வெற்றிலை பாக்கைத் தவிர ஒன்றுமில்லை. எழுத்தில் ஒன்றுமில்லாதது, வாழ்க்கையில் அந்த ஒருமுறை, கலைஞருக்குச் சாதகமாகப் போயிற்று.

இன்னொரு நல்ல காரியமும் சட்டத்தில் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பதிப்புரிமை வழக்கைப் பிரதிவாதி இருக்கும் இடத்தைத் தேடிப் போய்ப் போட வேண்டியதில்லை. 62-ஆவது பிரிவின்படி வாதி குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். சென்னைக்கு வர வேண்டும் என்றிருந்தால் வாத்தியார் முதல் வாய்தாவிலேயே திரும்பிப் போயிருப்பார்.

ஜமா பதிவு செய்யப்பட்ட அமைப்பு அல்ல. எனவே அன்றிரவு ஆடியவர்கள், பின்பாட்டுக்காரர்கள், ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் எல்லாரையும் வாதிகளாகச் சேர்த்து வக்காலத்தில் கையெழுத்து வாங்கினேன். முகவீணைக்காரர் மட்டும் போட மறுத்தார். கையெழுத்துப் போட்டு நிலத்தை இழந்த கதை அவர் குடும்பத்தில் உண்டு. வாத்தியார் பேசிப் பேசிப் பார்த்து, கடைசியில் அவர் மகளை வைத்துப் படித்துக் காட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்.

சட்டம் நம் பக்கம். சாட்சியம்தான் சிக்கல். யூடியூபில் இருக்கும் ஒரு படத்தை நீதிமன்றத்தில் எப்படிக் காட்டுவது? அப்போது நடப்பில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, மின்னணு ஆவணத்தின் நகலைத் தாக்கல் செய்தால் ஒரு சான்றிதழும் வேண்டும் என்றது. எந்தக் கருவியில், எப்படி எடுத்தது என்பதை அந்தக் கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 2014-இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயம் என்றது. 2018 தொடக்கத்தில் இன்னொரு அமர்வு கொஞ்சம் தளர்த்தியது. அந்தத் தளர்வை நம்பிப் பல வக்கீல்கள் சான்றிதழ் வாங்காமலே வீடியோக்களைத் தாக்கல் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

ஆக, யாராவது ஒருவர் தன் போனில் அந்தப் படங்களைச் சேமித்து, பின்னால் கூண்டேறி நான்தான் செய்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் செய்தால் நாளை என்னையோ ஜூனியரையோ சாட்சிக்கு இழுப்பார்கள். சாட்சியாக வரும் வக்கீல் அந்த வழக்கில் வாதாடக் கூடாது. பஜாரில் ஜெராக்ஸ் கடைக்காரர் கோர்ட் என்றதும் கும்பிடு போட்டுவிட்டார். ஜமாவில் பாஞ்சாலி வேஷம் கட்டும் பையனிடம் நல்ல போன் இருந்தது. வாத்தியாருக்கு அந்தப் படத்தை முதலில் காட்டியவனும் அவன்தான். ஆனால் அவன் முகம் கொடுத்துப் பேசாமல் நழுவிக்கொண்டே இருந்தான். பிறகுதான் தெரிந்தது, தனியாக ஆடிய ஆட்டத்தை அதே ஸ்டூடியோக்காரரிடம் அவனே கொடுத்து அந்தச் சேனலில் போடச் சொல்லியிருக்கிறான். வாத்தியாருக்குத் தெரிந்தால் ஜமாவை விட்டு விலக்கிவிடுவார் என்று பயம்.

அவகாசமும் இல்லை. 2013-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின் 75-ஆவது விதிப்படி, படத்தை இணையத்தில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு முறையாகப் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்கிவைக்க வேண்டும். 21 நாட்களுக்குள் நாம் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். புகார் கொடுத்த மறுநாளே படம் மறைந்துவிடும். அதற்கு முன்பே ஆதாரத்தைச் சேமித்தாக வேண்டும். புகாரை முதலில் அனுப்பிவிட்டு ஆதாரம் தேடிக் கைபிசைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"நீங்களே ஒரு போன் வாங்கிச் செய்யுங்கள்" என்றேன். வாத்தியார் என்னைப் பார்த்த பார்வையில் பீமனுக்குக் கிடைக்க வேண்டிய கோபம் முழுதும் இருந்தது.

வாங்கினார். தவணையில். பாஞ்சாலிப் பையன்தான் மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தான். ஆரம்பத்தில் வாத்தியார் போனைத் தொடுவது சூடான பாத்திரத்தைத் தொடுவது போல இருக்கும். கை தவறிப் பட்டால் காசு போய்விடுமா, யாராவது எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்களா, தேடியதை அழித்தால் கூத்தும் அழிந்துவிடுமா என்று கேட்பார். இவை பாமரக் கேள்விகள் என்று சிரிக்காதீர்கள். முதல் இரண்டுக்கும் சரியான பதில் 'ஆமாம், ஜாக்கிரதையாக இல்லாவிட்டால்' என்பதுதான். ஒரு ராத்திரி முழுக்கப் பாட்டும் வசனமும் புத்தகம் பார்க்காமல் சொல்கிறவர் அவர். பையன் சொல்லிக்கொடுத்த வரிசையைத் தாளக்கட்டு மாதிரி மனப்பாடம் செய்துவிட்டார். சேனல் பெயர், படத்தின் முகவரி, ஏற்றிய தேதி, பார்த்தவர்கள் எண்ணிக்கை எல்லாவற்றையும் திரையில் படம்பிடித்தார். எந்த நாள் எத்தனை மணிக்கு எது செய்தார் என்பதை முன்பணம் எழுதும் அதே நோட்டில், ஊர்ப் பெயர்களுக்குக் கீழே, எழுதிவைத்தார். என் தொழிலில் பார்த்த மிகச் சுத்தமான சாட்சியக் குறிப்பு அது. பெரிய கம்பெனிகளின் அதிகாரிகள் கொண்டுவருவதைவிட நன்றாக இருந்தது.

அப்போதுதான் அவர் தன் துரியோதனனை முதல் தடவையாகப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளாக ஊரெல்லாம் பார்த்த வேஷத்தை அவர் மட்டும் பார்த்ததில்லை. பரவசப்படுவார் என்று நினைத்தேன். இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "எடது காலு தூக்கம் பத்தலியே. பின்பாட்டுக்காரன் ரெண்டாம் சாமத்துல சுருதிய உட்டுட்டான்" என்றார். அடுத்த வாரம் பின்பாட்டுக்காரரைக் கூப்பிட்டு அந்த இடத்தைப் போட்டுக் காட்டிச் சண்டை பிடித்திருக்கிறார். அதற்குப் பிறகு புதுப் பையன்களுக்கு அடவு சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் போன் திண்ணையில் சாய்ந்து நின்றது. பாஞ்சாலிப் பையனும் ஒரு நாள் தன் விஷயத்தை ஒப்புக்கொண்டான். "தெரியும்டா. உன் ஆட்டத்தையும்தான் பாத்தேன். முந்தானைய ஏன் அப்படி இழுத்துப் புடிக்கிற?" என்றாராம்.

2019-இல் வழக்குத் தாக்கலானது. நகைச்சுவைத் துண்டுக்கும் பென் டிரைவ் விற்பனைக்கும் இடைக்காலத் தடை கிடைத்தது. தடையை நீக்கக் கோரி எதிர்த்தரப்பு மனுப் போட்டது. அதற்குள் 2020 மார்ச்சில் ஊரடங்கு. அந்த வருஷம் பங்குனி முதல் ஆடி வரை ஒரு கூத்துகூட இல்லை. ஆர்மோனியக்காரர் காய்கறி விற்கப் போனார். வாத்தியார் வீட்டு வாசலில் ஜமா ஆட்கள் சிலர் வேஷம் கட்டாமல் பாடியதைப் பையன் எடுத்துப் போட, வெளியூர்களில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் போன் வழியாகவே பணம் அனுப்பினார்கள். பெரிய தொகை இல்லை. அரிசிக்கு ஆயிற்று. யாரும் கேமரா தூக்கக் கூடாது என்று உத்தரவு கேட்டவரின் வீட்டு வாசலில் இது நடந்தது.

தடை நீக்க மனு காணொலி வழியாக விசாரணைக்கு வந்தது. வாத்தியாரும் தன் போனில் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இணைப்பு சரியில்லாததால் எதிர்த்தரப்பு வக்கீலின் முகம் வருவதற்கு முன் குரல் மட்டும் வெகுநேரம் வந்துகொண்டிருந்தது. முடிந்ததும் எனக்குப் போன் செய்தார். "சார், கோர்ட்டும் கூத்து மாதிரிதான் ஆயிட்டுது. மொதல்ல திரைக்குப் பின்னால விருத்தம், அப்புறம்தான் வேஷம்." மனு தள்ளுபடியானது.

அதே ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி, அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 2018-ஆம் ஆண்டுத் தளர்வை ரத்து செய்து, சான்றிதழ் கட்டாயம் என்று மறுபடி அறுதியிட்டார்கள். படம் அதற்குள் இணையத்தில் இல்லை. வாத்தியார் போனில் இருந்ததும், அவர் கையெழுத்திட்ட சான்றிதழும்தான் எங்கள் வழக்கு. எனவே 2021-இல் குறுக்கு விசாரணை முழுவதும் அந்தப் போனைச் சுற்றியே நடந்தது.

"செல்போனே கூடாது என்பவர்தானே நீங்கள்? இதையெல்லாம் வேறு யாரோ செய்து கொடுக்க, நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டீர்கள் என்கிறேன்" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். வாத்தியார் பதில் சொல்லவில்லை. நீதிபதியைப் பார்த்து, "அய்யா, இங்கயே செஞ்சு காட்டட்டுங்களா?" என்றார். நீதிபதி சிரித்துவிட்டு, செய்து காட்ட வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்றார். சொன்னார். எந்த இடத்தைத் தொட்டால் எது வரும் என்பதை, பார்த்தவர்கள் எண்ணிக்கை எந்த மூலையில் தெரியும் என்பது உட்பட, தாளம் தப்பாமல் சொல்லி முடித்தார். சுருக்கெழுத்தாளர் இரண்டு தடவை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

"கேமரா வைத்து எடுத்தபோது நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? ஏன் தடுக்கவில்லை?"

"நான் பாக்கலீங்க. அப்ப துரியோதனனா இருந்தேன். அவன் பாக்கிறது பீமனை."

அந்தப் பதிலை நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று சொன்னால் சக வக்கீல்கள் இன்றும் நம்புவதில்லை.

ஒரு விஷயத்தில் எதிர்த்தரப்பு சரியாகவே நின்றது. முழு ராத்திரியை இரண்டரை மணி நேரமாக வெட்டியது வாத்தியாருக்குப் பெரிய அவமானம். முக்கியமாகத் திரை விருத்தத்தை வெட்டியது. திரைக்குப் பின்னால் பாடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிரீடத்தைக் காட்டி வந்தால்தான் அவன் ராஜா, இல்லாவிட்டால் வேஷம் போட்ட ஆள் என்பார் அவர். கலை ரீதியாக அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் 38பி பிரிவுக்குக் கீழே ஒரு விளக்கம் இருக்கிறது: தொகுப்பதற்காகவோ, குறிப்பிட்ட நேரத்துக்குள் அடக்குவதற்காகவோ ஒரு பகுதியை நீக்குவது மட்டுமே கலைஞரின் பெயரைக் கெடுத்ததாகாது. இந்த வரியை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வாதிட்டபோது என்னிடம் பெரிய பதில் இல்லை. சினிமாவை மனதில் வைத்து எழுதிய வரி அது. திரை விருத்தம் என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்காது. சினிமா வசனத்தை ஒட்டியது வேறு விஷயம். அதைத் தொகுப்பு என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை.

தீர்ப்பு வரை போகவில்லை. குறுக்கு விசாரணை முடிந்த சில வாரங்களில் ஸ்டூடியோக்காரரே பேச வந்தார். கெட்டவர் இல்லை. ஊரடங்கில் அவருக்கும் கல்யாண ஆர்டர் எல்லாம் போயிருந்தது. வாத்தியார் வைத்த நிபந்தனையைக் கேட்டு நான்தான் திகைத்தேன். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி வந்த மனிதர், நகைச்சுவைத் துண்டை மட்டும் அழித்தால் போதும், விடிய விடிய எடுத்த முழுப் பதிவு வேண்டும் என்றார். "வெட்டாம அப்படியே குடுக்கட்டும். திரை விருத்தத்தோட." நீதிமன்றத்தில் சமரச மனுத் தாக்கல் செய்து தீர்ப்பாணை பெற்றோம். மூலப் பதிவு முழுவதும் ஜமாவுக்கு. ஜமா பெயரும் ஆடியவர்கள் பெயரும் போட்டே வெளியிட வேண்டும். பென் டிரைவ் விற்ற பணத்தில் ஒரு தொகை, தவணையில். அடுத்த கூத்துக் காலத்தில் ஜமாவின் சொந்தச் சேனலுக்கு அதே ஸ்டூடியோக்காரரே படமெடுத்துக் கொடுப்பது, வருவதில் ஒரு பங்கு அவருக்கு. இந்தக் கடைசி நிபந்தனை சட்டப் புத்தகத்தில் வராது, கிராமத்துப் பஞ்சாயத்தில் வரும்.

இப்போது அந்த ஜமாவின் வெற்றிலை பாக்கோடு ஒரு தாளும் போகிறது. கூத்தை யார் படமெடுக்கலாம், எவ்வளவு நேரம், எங்கே போடலாம், யார் பெயர் வர வேண்டும் என்று நாலு வரி. வீட்டில் பார்க்க எடுப்பவர்களை வாத்தியார் தடுப்பதில்லை. தடுக்கச் சட்டத்திலும் இடமில்லை, சொந்த உபயோகத்துக்கு விலக்கு உண்டு.

போன வருஷம் வேறு ஒரு கேள்வியோடு வந்தார். 2024-இல் வந்த 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிப் பாட வைத்திருந்தார் ஏ.ஆர். ரகுமான். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, பணமும் கொடுத்ததாக அவரே சொன்னார். யாரோ வாத்தியாரிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். "எங்கிட்ட எங்கப்பா பாடுன பழைய கேசட்டு ஒண்ணு கீது. அதை வச்சு யாராவது அவரைப் பாட வச்சுட்டா?" அதே ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றம் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அப்படி நகலெடுப்பதற்கு இடைக்காலத் தடை கொடுத்திருப்பதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தடை இருக்கட்டும் சார், நானே கேட்டா அந்த மாதிரி எவ்ளோ ஆவும்?" என்றார். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

இதைப் படிக்கும் கலைஞர்களுக்கு, கூத்தோ கரகமோ நாதஸ்வரமோ பொம்மலாட்டமோ, ஒரு வார்த்தை. உங்கள் நிகழ்ச்சியை யாரோ போட்டிருப்பதைக் கண்டால் உடனே புகார் எழுதாதீர்கள், சண்டைக்கும் போகாதீர்கள். முதலில் உங்கள் போனில் சேமியுங்கள். முகவரி, தேதி, நேரம் நோட்டில் எழுதுங்கள். அந்தப் போனை விற்றுவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய 65பி இருந்த இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆவது பிரிவு வந்திருக்கிறது. சான்றிதழில் உங்கள் கையெழுத்தோடு நிபுணர் ஒருவரின் கையெழுத்தும், கோப்பின் ஹாஷ் எண்ணும் வேண்டும். அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். போன் உங்களுடையதாக இருக்க வேண்டும்.